திதி நாளில் அழுத்திய பொத்தான்

சங்ககிரியில் தனியே வசிக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியன் நான். இணையத்தில் தம் அடையாளத்தை மறைக்க வேண்டியவர்களின் தகவல்களைக் கைமாற்றிவிடும் சிறு கருவி ஒன்றை, கணினி அறியாத என்போன்றோரும் இயக்கும்படி எளிதாக்கி என் மகள் கயல்விழி வீட்டில் வைத்திருந்தாள். அவள் இறந்தபின்னும் அதை நான் அணைக்கவில்லை.

முதலாண்டுத் திதியன்று, அவள் நினைவாகக் கூடுதலாக ஏதேனும் செய்ய எண்ணி, திரையில் 'வெளிவாயில்' என்றிருந்த பொத்தானை அழுத்தினேன். கீழிருந்த எச்சரிக்கையைப் படிக்கவில்லை. அதை அழுத்தினால், முகமறியாதோர் அனுப்புபவை எங்கள் வீட்டிலிருந்தே கிளம்பியவையாகத் தெரியும்.

சில வாரங்களில் காவல் அதிகாரி ஒருவர் வந்தார்.

"ஒரு பொண்ணுக்கு மிரட்டல் மெயில் போயிருக்குதுங்க ஐயா. இணைப்பு கயல்விழிங்கற பேர்ல இருக்குது. அவங்கள வரச்சொல்லுங்க."

இறப்புச் சான்றிதழை எடுத்துவந்து கொடுத்தேன். தேதியை இருமுறை பார்த்தார்.

"அப்ப இந்த இணைப்பப் பயன்படுத்தறது யாருங்க?"

"நானுங்க. தப்பு என்னுதுங்க. அவ பேர எழுதிராதீங்க."

கருவியைப் பற்றி நான் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். மிரட்டல் அனுப்பியது நானல்ல என்று தெளிந்ததும், என்னளவில் விசாரணை முடிந்தது.

இப்போது கருவியை, வந்ததை அடுத்த கருவிக்குக் கைமாற்றும் இடைவழியாக மட்டுமே இயக்குகிறேன். முழுதும் படிக்காமல் எந்தப் பொத்தானையும் தொடுவதில்லை. இணைப்பையும் என் பெயருக்கு மாற்றிவிட்டேன். இனி எவர் விசாரிக்க வந்தாலும், அவர்கள் தேடும் பெயருக்கு உரியவனாக நான் வீட்டில் இருப்பேன்.