ரெண்டு மவுத்துக் கண்ட கார்

எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த சமயம். ஐம்பதுகளின் நடுப்பகுதி. கல்முனைக்குடியில் மீன் வியாபாரம் பார்த்த என் மாமா ஒரு காரை வாங்கிவந்து வாசலில் நிறுத்தினார். கூரை இல்லை. ரெண்டே ரெண்டு சீட். மூக்கு மட்டும் பாதித் தெருவுக்கு நீண்டிருந்தது. பந்தயத்துக்கென்றே செய்த கார், இந்தத் தீவில் இதைப்போல இன்னொன்று கிடையாது என்றார் மாமா. மீன் வாங்க வந்தவர்கள் மீனை மறந்து அதைத் தடவிப் பார்த்தார்கள். நிந்தவூரில் பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை போவது இதில்தான் என்று அவர் அறிவித்ததும் என் நடையே மாறிவிட்டது.

அந்த நடை அதிக நாள் நீடிக்கவில்லை. முடிவெட்டப் போன இடத்தில் ஒஸ்தா கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, அந்தக் கார்ல ரெண்டு மவுத்து நடந்திருக்காமே, தெரியாதா?"

மவுத்தென்றால் எங்களிடம் சாவு. ரெண்டு சீட், ரெண்டு மவுத்து. கணக்குச் சரியாக வந்ததுதான் என்னை உலுக்கியது.

மாமாவிடம் கேட்டால் பயந்தாங்கொள்ளி என்று கடற்கரை முழுக்கச் சொல்லிவிடுவார். சகுனம் பார்ப்பது கூடாதென்று கூட்டாளிமாருக்கு மார்க்க உபதேசமாகப் பயான் பண்ணியவனும் நானே. ஆகவே, காரின் வரலாற்றை ஆராயும் ஆசை எனக்குத் திடீரெனப் பிறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாமாவுக்கு விற்றவர் நிந்தவூர் அரிசி மில்காரர். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை பெண்ணின் ஊரில் சுற்றுவது வெட்கக்கேடு. தலையில் துவாயைப் போர்த்திக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்கினேன்.

"ஓம் மனே, ரெண்டு மவுத்தும் மெய்தான்," என்றார் மில்காரர். "ஒண்டு இந்தா, இந்த வாசல்ல. மத்தது இறக்காமத்துல, எனக்கு வித்த போடியார்ட கையில."

ஆர் மவுத்தானது என்று கேட்க வாயெடுத்தேன். அந்நேரம் பார்த்துப் பெண்ணின் தமையன் நெல்மூட்டையோடு உள்ளே வந்தான். தவிட்டுக் குவியலுக்குப் பின்னால் பாய்ந்தேன். அவன் போனபின் நான் எழும்பி நின்ற கோலத்தைக் கண்டு மில்காரர் சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த மூட்டை வந்தது. நான் பின்கதவால் ஓடினேன்.

அக்கரைப்பற்று வரை பஸ், பிறகு மாட்டுவண்டி. இறக்காமத்துப் போடியார் பெரிய வயல்காரர். நான் தவிட்டோடே போய் முன்னால் நின்றேன்.

"நீங்க வச்சிருக்கக்குள்ள அந்தக் கார்ல மவுத்தானது ஆர்?"

"ஆரா? எஞ்சின்தான்! மலையில ஒரு தேயிலத் தோட்டத்துத் துரை பந்தயம் ஓட வச்சிருந்த கார். அவரு சீமைக்குப் போகக்குள்ள எனக்கு வித்திட்டுப் போன. நான் குளக்கட்டால வரக்குள்ள முன்னுக்கு ஒரு ஆனை. எஞ்சின் அந்த இடத்திலேயே மவுத்து. ஆனை வந்து மோந்து பாத்திட்டு, சீ எண்டு போயிட்டு."

"அப்ப மனுசர்?"

"துரை சீமையில. நான் இந்தா இருக்கன். மில் வாசல்ல மவுத்தானதும் இதே எஞ்சின்தான். நீதான் மவுத்தாகப் போற ஆள் மாதிரி நிக்காய்."

எங்கள் ஊரில் மணிக்கூடு நின்றாலும் மவுத்துத்தான், பல்பு எரியாவிட்டாலும் மவுத்துத்தான். நானும் அப்படித்தான் கதைக்கிறவன். பயம் வந்தால் சொந்தப் பாஷையும் விளங்காமல் போகும்போல.

சிரித்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். போடியார் பின்னாலிருந்து கூப்பிட்டார்: "மனே! எஞ்சின் நிண்டா ஆளுக்குப் பயமில்ல. பிரேக்கத்தான் கொஞ்சம் பாத்துக்கங்க."

கல்யாணத்தன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மாமா காரை எடுத்தார். பூமாலையோடு பக்கத்தில் நான். சாய்ந்தமருது, காரைதீவு என்று தெருவோரம் முழுக்கச் சனம். எனக்கு அவருடைய வலது கால் மட்டுமே தெரிந்தது. மாடு குறுக்கே வந்தால் கலிமா ஓதினேன், சைக்கிள் வந்தால் ஆயத்துல் குர்ஸி.

"என்னடா முணுமுணுக்காய்?" என்றார் மாமா.

"ரோட்டப் பாருங்க மாமா!"

கார் ஒரு குறையுமில்லாமல் ஓடி, பெண் வீட்டு வாசலில் பூப்போல நின்றது. ஆனால் என் உதடுகள் நிற்கவில்லை. வரவேற்க நின்ற மாமனார் அதைக் கண்டு கண்கலங்கிவிட்டார். பந்தயக் காரில் வந்தும் மாப்பிள்ளைக்கு அல்லாஹ்வை நினைத்து ஓதும் திக்ரு நிற்கவில்லையே என்று பக்கத்திலிருந்தவர்களுக்குச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். அடுத்த நாள் விடிய சுபஹுத் தொழுகைக்கு வீட்டு ஆண்களெல்லாம் வரிசையில் நிற்க, என் கையைப் பிடித்துக் கொண்டுபோய் தொழுகை நடத்தச் சொல்லி முன்னால் இமாமாக நிறுத்தினார்.