காதர் மைதீன் கேட்ட முழுத் தாள்

காதர் மைதீனுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. கையிலிருக்கும் ஸ்பேனரை எடுத்துத் துணியால் துடைக்க ஆரம்பிப்பார். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைப்பார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மலாய்ச் சீமையின் தேக்காவில் அவருடைய சைக்கிள் கடையில் அந்த ஸ்பேனர் வெள்ளிச் சாமான் போலப் பளபளத்துக்கொண்டிருந்தது.

எதிரே நின்றவர் கிராணி முத்துசாமி. துரைமார்களின் சைக்கிள் கிளப்பில் கணக்கும் கடிதமும் எழுதுகிறவர். ரிக்‌ஷாவில் ஏற்றிவந்த ஒரு சைக்கிளை அவர் கடை வாசலில் சாய்த்து வைத்திருந்தார். பின்சக்கரத்தில் ஏழு கம்பிகள் போய்விட்டன. கைப்பிடி முறுக்கிக்கொண்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை புக்கிட் தீமா மலையிலேர்ந்து இறங்கும்போது ஹார்கிரேவ் துரை விழுந்துட்டாரு. வலது கை முறிஞ்சுபோச்சு. பிரேக்கு பிடிக்கலையாம். நீங்க வேலை பாத்த வண்டிங்கிறாரு."

"வேற என்ன சொல்றாரு?"

முத்துசாமி தயங்கினார். "கிளப் பலகையில ஒரு பேப்பரு குத்தியிருக்காரு. நேத்துலேர்ந்து."

"படிச்சீங்கள்ல? சொல்லுங்க."

"தேக்கா காதர் கடையில யாரும் சைக்கிள் குடுக்காதீங்க. அந்த ஆள் போல்ட் போட மறந்து மனுஷ உயிரோட விளையாடுறான். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா" என்றார் காதர். ஸ்பேனர் இன்னும் கொஞ்சம் பளபளத்தது.

நாகூரிலிருந்து பதினெட்டு வயதில் கப்பலேறி வந்தவர் காதர் மைதீன். குதிரை வண்டிப் பட்டறையில் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் யாரோ வேண்டாமென்று போட்டுவிட்டுப் போன சைக்கிளை எடுத்து, நான்கு முறை முழுக்கப் பிரித்து, நான்கு முறை மாட்டினார். ஐந்தாம் முறை பிரிக்கத் தேவையிருக்கவில்லை. இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. சைக்கிளோடு வரும் புத்தகங்களைத் தொட்டதில்லை. இரும்பைத் தொட்டுப் பார்த்தே கற்றுக்கொண்டார்.

அப்போது ஊருக்குப் புதிதாக வந்திருந்தது பின்மிதி பிரேக். மிதியைப் பின்பக்கமாக அழுத்தினால் சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்துக்குள்ளேயே பிரேக் பிடிக்கும். குடத்திலிருந்து ஓர் இரும்புக் கை நீண்டிருக்கும். அதைச் சைக்கிளின் சட்டத்தோடு ஒரு பட்டை போட்டு, போல்ட்டும் நட்டும் வைத்து முடுக்க வேண்டும். அந்தக் கை சட்டத்தைப் பிடித்திருக்கும்வரைதான் பிரேக். பட்டை இல்லையென்றால் மிதியை அழுத்தியதும் கையும் சேர்ந்து சுற்றிவிடும், வண்டி நிற்காது. காதர் அதை முடுக்கி முடித்ததும் நட்டின் மேலும் பட்டையின் மேலும் சேர்த்து அரத்தால் ஒரே கோடாக இழுத்துவிடுவார். கோடு நேராக இருந்தால் முடுக்கு அசையவில்லை என்று அர்த்தம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவருக்கு அப்படிச் செய்யாமல் வண்டியைக் கொடுக்க மனசு வராது.

போல்ட் போட மறந்தானாம்.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பார்த்தார். இரும்புக் கை ஒரு சுற்றுச் சுற்றிக் கம்பிகளை ஒடித்திருந்தது. பட்டையைக் காணோம், போல்ட்டையும் காணோம். டயரைக் கழற்றி உள்ளிருந்த ரப்பர் குழாயை இழுத்தார். பசையில் அழுக்கேறாத புது ஒட்டு ஒன்று கோணலாக இருந்தது.

"வழியில பஞ்சராயிருக்கு. சக்கரத்தைக் கழட்டி ஒட்டிருக்காரு. திரும்ப மாட்டும்போது கையை மாட்டல. இதச் சொன்னாரா உங்ககிட்ட?"

"சொல்லல" என்றார் முத்துசாமி. "ஆனா காதர், ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு விடுங்களேன். துரைமார் சைக்கிள் இருபத்திரண்டு. எல்லாம் உங்க கடைக்கு வர்றது. மல்லுக்கட்டி என்ன ஆகப்போவுது?"

"மன்னிப்புக் கேட்டா நான் மறந்ததா ஆயிடும். நான் மறக்கல."

மதியம் அவர் மனைவி சம்சுன்னிசா சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அரைமணி நேரம் பார்த்தாள். "பேப்பரு குத்தினவன் கறியும் ரொட்டியும் தின்னுட்டுத் தூங்குவான். நீங்கதான் சோத்தை ஆறவச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

"அவன் மறந்துருவான். பலகையில அதைப் படிச்சவன் மறப்பானா?"

"அப்ப அந்த மலைக்குப் போயித்தான் பாருங்களேன். இங்க உக்காந்து அந்த ஸ்பேனரைத் தேய்ச்சே தீத்துறாதீங்க."

புதன்கிழமை விடிந்ததும் காதர் தம்முடைய பழைய சைக்கிளில் புறப்பட்டார். தேக்காவிலிருந்து ஏழு மைல். தார் கிடையாது, மாட்டு வண்டித் தடத்தில் பாதி, ஓரப் புல்லில் பாதி என்று ஓட்டினார். மலையடியில் காப்புக்காடு தொடங்கியதும் பாதை செம்மண் சரளையாக மாறிற்று. சரளையில் ஏறுவதற்கு ஒரு பக்குவம் உண்டு. இருக்கையை விட்டு எழுந்தால் பின்சக்கரம் வழுக்கும். உட்கார்ந்தே, உடம்பை முன்னால் சாய்த்து, மிதியை ஒரே சீராக அழுத்த வேண்டும். கல் சக்கரத்துக்கடியில் நறநறவென்று பல்லைக் கடித்தது. இருபுறமும் மரங்கள் வெயிலை விடவில்லை. குரங்குக் கூட்டம் ஒன்று பாதையில் உட்கார்ந்து, இந்த மனிதன் ஏன் இப்படி மூச்சு வாங்குகிறான் என்று பார்த்தது. வேறு நாளாக இருந்தால் அவரே சிரித்திருப்பார். அன்றைக்கு ஒவ்வொரு மிதியிலும் 'மறந்தான்' என்ற சொல்தான் காலுக்குக் கீழே அரைபட்டது.

இரண்டாவது வளைவில் வடிவேலு ஆட்களோடு சரளை கொட்டிக்கொண்டிருந்தான். மலைப்பாதை வேலைக்கு அவன்தான் மண்டோர், கூலியாட்களை மேய்ப்பவன்.

"என்ன பாய், துரைமாருக்குப் போட்டியா?"

"ஞாயித்துக்கிழமை இங்க ஒரு துரை சக்கரத்தைக் கழட்டினதைப் பாத்தியா?"

"நான் பாக்கல. காட்டுக் காவக்காரன் சொன்னான். மேல மூணாவது வளைவுல, கல்லுக் குமி மேல உக்காந்து ஒட்டுப் போட்டாராம். உதவிக்குப் போனவனப் போடான்னு விரட்டிட்டாராம். அப்புறம் கீழ வந்து பள்ளத்துல கெடந்தாரு. அப்ப விரட்டல."

மூன்றாவது வளைவில் கல் குவியலுக்குப் பக்கத்தில் ரப்பர்த் துண்டுகள் கிடந்தன. காதர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு முழங்காலிட்டுத் தேடினார். செம்மண் சரளையில் துருப்பிடித்த இரும்பைத் தேடுவது கடுகில் கேழ்வரகைத் தேடுவது மாதிரி. ஒரு சாண், ஒரு சாணாகக் கையால் ஒதுக்கிக்கொண்டே போனார். வெயில் உச்சிக்கு வந்தபோது, ஒரு தட்டைக் கல்லின் மேல், யாரோ பத்திரமாக எடுத்து வைத்தது போல, பட்டை இருந்தது. அதற்குள் போல்ட். போல்ட்டின் நுனியில் நட்டு.

காதர் நெடுநேரம் அதைத் தொடவில்லை. தானாக விழுந்த போல்ட் நட்டைத் தேடிப்போய் மாட்டிக்கொள்ளாது. கழற்றியவன்தான், தொலைந்துவிடக் கூடாது என்று, கையால் நான்கு சுற்றுத் திருகி வைப்பான். நட்டின் மேல் அவருடைய அரக்கோடு. பட்டையின் மேல் மீதிக் கோடு. அவர் வடிவேலுவைக் கூப்பிட்டு அது இருந்த கல்லையும் இடத்தையும் காட்டிவிட்டுத்தான் எடுத்துக் கைக்குட்டையில் முடிந்தார்.

வியாழக்கிழமை கிளப்பில், ஹார்கிரேவ் துரை கட்டுப்போட்ட கையோடு நாற்காலியில் இருந்தார். காதர் மலாய் பேசினார். துரைக்கும் அது தெரியும். போல்ட்டை மேசையில் வைத்து, கிடந்த இடத்தைச் சொல்லி, நட்டை முடுக்கிக் கோடும் கோடும் சேர்வதைக் காட்டினார். துரை இடது கையால் நட்டைத் திருகிப் பார்த்தார். திரும்பத் திருகினார். அவர் கழுத்து சிவந்தது. எழுந்து போய்ப் பலகையிலிருந்த தாளைக் கிழித்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"முடிந்தது" என்றார்.

"முடியலை துரை. ஒட்டினதை எல்லாரும் படிச்சாங்க. கிழிச்சதை நான் மட்டும்தான் பாத்தேன்."

துரை உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து காதர் கடைக்கு வந்தபோது மேசையில் ஒரு டப்பா பிஸ்கட் இருந்தது. துரை அனுப்பியதாம். சம்சுன்னிசா மூடியைத் திறந்து மோந்து பார்த்து, "நல்ல வாசனையாத்தான் இருக்கு" என்றாள்.

"மூடு."

"ஒண்ணே ஒண்ணு?"

"அதைத் தின்னா அந்தப் பேப்பருல எழுதினதை நாமளும் ஒத்துக்கிட்டதா ஆயிடும்."

டப்பாவைச் சைக்கிளின் பின்னால் கயிற்றால் கட்டிக்கொண்டுபோய் முத்துசாமியின் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினார். வழியெல்லாம் குலுங்கியதில் உள்ளே பாதி பொடியாகியிருக்கும். அதற்காக அவர் வருந்தவில்லை.

சனிக்கிழமை காலை முத்துசாமியே ஓடி வந்தார். கிளப்பில் சத்தமாம். மறுநாள் மலைச் சவாரி. அந்தத் தாளால் யாரும் காதரிடம் அனுப்பாததில் பத்தொன்பது சைக்கிளுக்குப் பிரேக் பார்க்கவில்லை. பின்மிதி பிரேக்கைப் பிரிக்கத் தெரிந்தவன் வேறு எவன் இருக்கிறான் என்று மற்ற துரைமார்கள் ஹார்கிரேவைப் பிடித்துக்கொண்டார்களாம். "எழுதினது தப்புன்னு பேப்பரு குத்தியாச்சு. வந்து பாருங்க."

காதர் போய்ப் பார்த்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு, பலகையின் கீழ் மூலையில்.

"முதல்ல குத்தினது எவ்வளவு பெருசு?"

"முழுத் தாள்" என்றார் முத்துசாமி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"எங்க குத்தியிருந்தது?"

"நடுவுல."

"அப்ப இதுவும் முழுத் தாள். நடுவுல."

"காதர், இது ரொம்ப..."

"நான் கூடக் கேக்கல. குறையவும் வாங்க மாட்டேன்."

அடுத்த அறையில் துரைக்கு இது கேட்டிருக்க வேண்டும். நாற்காலி பின்னால் நகரும் சத்தம் வந்தது. கால்மணி நேரம் ஆயிற்று. பிறகு ஹார்கிரேவ் துரையே முழுத் தாள் ஒன்றோடு வந்தார். இடது கையில் எழுதியதால் எழுத்துகள் சின்னப்பிள்ளை எழுதியது போல உருண்டு சாய்ந்திருந்தன. அவரே பலகையின் நடுவில் வைத்துக் குத்தினார். காதர் முத்துசாமியைப் பார்த்தார். முத்துசாமி வரி வரியாகத் தமிழில் படித்துச் சொன்னார்: சக்கரத்தைக் கழற்றியது நான். பட்டையை மாட்ட மறந்தது நான். காதர் மைதீன் வேலையில் குறையில்லை. நான் முன்பு எழுதியது தவறு.

"திருப்தியா?" என்று துரை மலாயில் கேட்டார். "சைக்கிள்களை இப்போது அனுப்பலாமா? நாளைக்குச் சவாரி."

"துரை குத்தின பேப்பரு திங்களிலேர்ந்து வியாழன் வரைக்கும் நாலு நாள் தொங்கிச்சு. இதுவும் நாலு நாள் தொங்கட்டும். அஞ்சாம் நாள் அனுப்புங்க, பாக்கிறேன்."

"நாளைக்கு மலைக்கு எப்படிப் போவது?"

"நடந்து போகலாம்" என்றார் காதர் மைதீன். "சரளைதான். பாத்து நடந்தா விழ மாட்டீங்க."