இரண்டாம் பாகத்துக்குத் தினமும் வருகிறவர்

விளாங்குடி பக்கம் ஒரு தியேட்டரில் பழைய பேய்ப்படம் ஒன்றின் இரண்டாம் பாகத்தை மறுபடியும் போட்டிருந்தார்கள். மதியக் காட்சிக்கு நானும் இன்னொருவரும்தான். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். சட்டையை இன் பண்ணி, ஆபீசுக்குக் கிளம்பியவர் போல இருந்தார். படம் தொடங்கியதும் எழுந்து என்னிடம் வந்தார்.

"அண்ணே, பக்கத்துல உக்காந்துக்கிடவா? தனியா இருந்து பயந்தா நல்லாவே இல்லண்ணே."

பயமுறுத்தும் இடங்களில் அவர் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

இடைவேளையில், "முதல் பாகம்தான் நல்லா இருக்கும்னு சொல்றாங்களே?" என்றேன்.

"இல்லண்ணே. அதுல எல்லாரும் பேயைப் பாத்து ஓடுவாக, அம்புட்டுத்தான். இதுல ஒரு அம்மா கதவைத் தொறந்து, 'சாப்பிட்டியா'ன்னு அதுகிட்ட கேக்கும். அதுக்குத்தான் தினமும் வாரேன்."

அந்தக் காட்சி வந்தபோது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும், "நாளைக்கு வாரீகளா?" என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன்.

மறுநாள் வேலையைப் போட்டுவிட்டுப் போனேன். அவர் வேறொருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஆளின் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கவனிக்கவில்லை. நான் கடைசி வரிசைக்குப் போனேன். முந்தின நாள் அவர் என்னைப் பார்த்துச் சிரித்த இடங்களில் எல்லாம் எனக்கு அன்று பயமாக இருந்தது.