நாலு புளியங்கொட்டை

சாமி படத்துக்குக் கீழே உள்ள பலகையில் ஒரு சிவப்பு பட்டன் வைத்திருக்கிறேன். காளான் போலத் தலை பருத்தது. பின்பக்கம் இரண்டு வயர்கள் வெட்டுப்பட்ட நுனியோடு தொங்குகின்றன. அவை எதோடும் சேர்ந்திருக்கவில்லை. பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா, அது நிறையப் புளியங்கொட்டை. இது என்ன என்று யாராவது கேட்டால் சொல்லலாம் என்று இருக்கிறேன். என் வீட்டுக்கு வருகிறவர் கரண்டு மீட்டர் பார்க்கிறவர் ஒருவர்தான். அவரும் வாசலோடு திரும்பிவிடுகிறார்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆன சமயம். வீட்டுக்காரர் இறந்த பிறகு மத்தூரை விட்டு மகனோடு ஓசூருக்கு வந்திருந்தேன். அவன் ஷிப்டு வேலைக்குப் போய்விட்டு வந்து தூங்குவான், எழுந்து போவான். தெருவில் பாதிப் பேர் தெலுங்கு, மீதிப் பேர் கன்னடம். தமிழ் பேசுகிறவர்களிடமே வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் நான். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். சிப்காட் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் பெருக்கித் துடைத்து டீ கொடுக்கிற வேலை கிடைத்தது. தகரத்தை வெட்டி அழுத்துகிற பிரஸ் மெஷினுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிற கம்பெனி. ஆபத்தென்று ஆள் சிவப்பு பட்டனைத் தட்டினால், அந்தப் பெட்டிதான் மெஷினை நிறுத்தவேண்டும்.

பெட்டிக்குள் இருக்கிற சின்ன மூளைக்கு வேலை எழுதுகிற மேடம் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். மற்ற எஞ்சினியர்கள் எல்லாரும் ஆண்கள். ஒன்றாகச் சாப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவர் ஜன்னலைப் பார்த்தபடி ஹாஸ்டல் சாதத்தைச் சாப்பிடுவார். நான் ஸ்டோர் ரூமுக்குள் உட்கார்ந்து சாப்பிடுவேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கதவுதான் இருந்தது. அந்தக் கதவை மாதக்கணக்கில் இரண்டு பேரும் தாண்டவில்லை.

ஒரு நாள் அவரே வந்து நின்றார். "பெரியம்மா, உங்க கை கொஞ்சம் வேணுமே" என்றார். என்னைத் தன் மேஜையில் உட்காரவைத்து இந்தச் சிவப்பு பட்டனைக் கையில் கொடுத்தார். தோன்றும்போதெல்லாம் அழுத்தவேண்டும், அழுத்தினால் பெட்டியில் சிவப்பு விளக்கு ஒரு கணம் எரியும். அதுதான் வேலை. இதற்கு நான் எதற்கு, இதைக்கூடவா ஒரு மெஷின் செய்யாது என்று கேட்டேன். "மெஷின் ஒரே சீரா அழுத்தும் பெரியம்மா. மனுசக் கை எப்ப அழுத்தும்னு யாருக்கும் தெரியாதுல்லா? அந்தத் தெரியாத நேரம்தான் எனக்கு வேணும்" என்றார்.

அந்தப் பெட்டிக்கு எந்நேரமும் வேலை உண்டாம். எண்ணெய்ச் சூடு பார்க்கும், திரையில் எழுதும். மெஷின் ஒரு தகரம் அடித்து முடிக்கும்போதெல்லாம் அதை எண்ணும். அப்போது பச்சை விளக்கு சிமிட்டும். மேஜையில் மெஷின் இல்லாததால் மெஷின் அனுப்புகிற அந்தச் சேதியை மட்டும் வேறொரு கருவி கொடுத்துக்கொண்டிருந்தது. சிவப்பு பட்டனிலிருந்து சேதி வந்தால் பெட்டி எதையும் அப்படியே போட்டுவிட்டு ஓடவேண்டும். "நீங்க பாத்திரம் தேய்க்குதப்போ குழந்தை வீல்னு கத்துனா எப்படி ஓடுவீங்க? ஓடுனாலும், திரும்பி வந்து எந்தப் பாத்திரத்துல விட்டோம்னு தெரியணும். அந்த வித்தையைத்தான் நான் எழுதுதேன்" என்றார். கையில் சோப்பு நுரையோடு ஓடுவதற்குக்கூட ஒருவர் படித்து வந்து எழுதவேண்டியிருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

எண்ணிக்கை தவறாமல் இருக்க, ஒரு அழுத்தலுக்கு ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போடுவது என்று நானே ஒரு வழி வைத்துக்கொண்டேன். சாயங்காலம் கொட்டைகளை எண்ணித் திரையில் உள்ள எண்ணோடு மேடம் சரிபார்ப்பார். மூன்று நாள். அந்த மூன்று நாளும் எனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தார். தன் ஊரில் ஆற்றில் தண்ணீர் வந்த கதையைச் சொன்னார். நான் பாரூர் ஏரியைப் பற்றிச் சொன்னேன். சொல்ல என்னிடமும் ஏதோ இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாம் நாள் ஒரு முறை பச்சை சிமிட்டிய நேரத்திலேயே அழுத்தினேன், சிவப்பு விளக்கு எரியவில்லை. மேடம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் வலிக்கிறது, சரியாக அழுத்தியிருக்கமாட்டேன் என்று நினைத்துச் சட்டென்று இன்னொரு முறை அழுத்தினேன். எரிந்தது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே கொட்டைதான் போட்டேன். மூன்று நாளில் அப்படி நாலு முறை. கை சரியில்லை என்று தெரிந்தால் வேறு ஆளை உட்காரவைத்துவிடுவாரே என்ற பயம் எனக்கு. மூன்று நாளும் எண்ணிக்கை சரியாக இருந்தது. மேடம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெட்டி மறுநாளே கிருஷ்ணகிரி ரோட்டில் ஒரு பிரஸ் கம்பெனிக்குப் போவதாக ஏற்பாடு.

மறுநாள் காலை டவுன் பஸ்ஸில் என் முன்னால் நின்றவர் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் டிக்கெட்டை இடுக்கிக்கொண்டார். நடுவில் விரல்கள் இல்லை. அந்த ஊரில் பிரஸ் மெஷினில் மாட்டிய அப்படிப்பட்ட கைகளைப் பார்த்துப் பார்த்துப் பழகி, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் பழகியிருந்தேன். அன்று திருப்ப முடியவில்லை. எரியாத அந்த விளக்கு நினைவுக்கு வந்தது. தப்பு என் கையில் இல்லாமல் பெட்டியில் இருந்தால்?

கம்பெனிக்குப் போனபோது பெட்டியை அட்டையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் பக்கத்தில் நின்றார். கன்னடம் கலந்து பேசுகிறவர். "டீ ஆமேலே, அப்புறமாக் கொடும்மா, இப்ப வண்டி நிக்குது" என்றார். தட்டு என் கையில் கடகடவென்று ஆடியது.

"மேடம், நாலு வாட்டி அது எரியிலிங்க" என்றேன்.

மேனேஜர் சிரித்தார். "சரியாப் போச்சு. இனிமே ஆயா சர்ட்டிபிகேட் குடுத்தாத்தான் பெட்டி போகணுமா? ஆயாவுக்கே கை நடுங்குது மேடம், தட்டைப் பாருங்க!"

மேடம் சிரிக்கவில்லை. "எப்ப எரியலை பெரியம்மா?"

"பச்சை லைட்டு சிமிட்டுற நேரமும் நான் அழுத்துற நேரமும் ஒண்ணா வந்தப்பங்க. நான் திரும்ப அழுத்திப்புட்டேன். கொட்டை ஒண்ணுதான் போட்டேன்."

மேடம் அட்டையைத் தானே பிரித்தார். பச்சை சிமிட்டும் நேரம் பார்த்து அழுத்தச் சொன்னார். மதியம் வரை எல்லாமே எரிந்தது. மேனேஜர் இரண்டு முறை வந்து கடிகாரத்தைக் காட்டிவிட்டுப் போனார். கொட்டையைக் கையில் எடுத்து எடுத்து என் விரலெல்லாம் வேர்த்தது. பிறகு ஒரு முறை, பச்சை சிமிட்டியது, நான் அழுத்தினேன், சிவப்பு எரியவில்லை. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

சேதி வந்ததென்று அடையாளம் வைக்க அந்தப் பெட்டிக்குள் ஒரே சிலேட்டுதானாம். தகரம் எண்ணி முடித்ததும் தகரத்தின் அடையாளத்தை மட்டும் அழிக்காமல் முழுச் சிலேட்டையும் துடைத்துவிடுகிறது; அந்தக் கண நேரத்தில் என் பட்டன் வந்து கீறிய கோடும் சேர்ந்து போய்விடுகிறது. "துடைக்கச் சொல்லி எழுதினது நான்தான் சார்" என்று மேடம் எல்லார் முன்னாலும் சொன்னார்.

பெட்டி ஒரு வாரம் தாமதமாகப் போனது. அந்த வாரமும் நான்தான் அழுத்தினேன். "எரியாததைத் தனியா வையுங்க பெரியம்மா. திரும்ப அழுத்திச் சரிக்கட்டாதீங்க" என்று சொல்லியிருந்தார். தனியாக வைக்க ஒரு கொட்டைகூட வரவில்லை. ஆனால் அதன் பிறகு மேனேஜர் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சில மாதத்தில் மேடம் வேறு ஊருக்கு வேலை மாறிப் போனார். போகிற அன்று இந்தப் பட்டனையும், ஒரு காகிதத்தில் தன் போன் நம்பரையும் கொடுத்தார். வாய் உள்ளவளாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். டீயில் சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

அந்த நம்பரைப் போட எனக்கு இரண்டு வருடம் தைரியம் வரவில்லை. எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்க் கூப்பிட்டபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது. என் கைதான் தப்பாகப் போட்டிருக்கும் என்று திரும்ப ஒரு முறை போடப் போனேன். சரிக்கட்டாதீங்க என்று அவர் சொன்னது நினைவு வந்தது. ரிசீவரை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மகன் இப்போது புனாவில் இருக்கிறான். காலையில் விளக்கேற்றிவிட்டு அந்தப் பட்டனை ஒரு முறை அழுத்துவேன். எதுவும் எரியாது. டப்பாவிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து, பலகையின் ஓரத்தில் தனியாக வைப்பேன்.