தலைச்சூடு தணிய

எண்பதுகளில் ஒரு சாரல் காலத்தில், குற்றாலத்தில் பெண்கள் குளிக்கும் பக்கத்தில்தான் அந்தத் தாயைப் பார்த்தேன். ஒடிசலான உடம்பு, தூக்கம் கண்டு நாளான கண்கள். சேலை முந்தியை மகளின் மணிக்கட்டில் முடிந்திருந்தார். ஈரத்தில் முடிச்சு இறுகித்தான் இருந்தது. ஆனாலும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

தலைச்சூடு தணிய எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பது எங்கள் பக்கத்து வைத்தியம். மகளின் தலையில் எண்ணெயை அப்பி, தண்ணீர் நேராக விழும் இடத்தில் நிறுத்தினார். அந்த அடியில் பிள்ளை அசையாமல் நின்றாள்.

“பாருங்கக்கா, எப்படி நிக்கா! ஒரு இடத்துல இருக்க மாட்டேங்கான்னு பள்ளிக்கூடத்துல வெளிய அனுப்பிட்டாவ. சூடு இறங்கிட்டுன்னா திரும்பச் சேத்துக்கிடுவாவ.”

வெளியே வந்ததும் பிள்ளை பாறையில் பாய்ந்து ஓடினாள். முந்தி இழுத்ததில் தாய் சறுக்கி விழுந்தார். எழுந்து, முதுகில் ஓர் அடி வைத்தார்.

“நான் ஓடலம்மா, காலு தானா ஓடுது” என்று பிள்ளை அழுதாள்.

“அதுக்குத்தாம்ட்டி இந்தத் தண்ணி.”

கால் தானாக ஓடுவதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டென்று அங்கே குளித்த எங்களில் யாருக்கும் தெரியாது. தாய் அவளை மறுபடியும் அருவிக்குள் நிறுத்தினார். உதடு நீலம் பாரித்து, பிள்ளை வெடவெடவென்று நடுங்கினாள்.

“ஏட்டி, ஆடாம நில்லு” என்றார் தாய். அது அதட்டல் இல்லை. கெஞ்சல்.