வெங்கடலட்சுமி சிஸ்டரின் ‘ஒண்ணுமில்லீங்க’

வெங்கடலட்சுமி சிஸ்டர் எதைச் சொன்னாலும் ‘ஒண்ணுமில்லீங்க’ என்றுதான் தொடங்குவார். ஒண்ணுமில்லீங்க, வார்டுல ஃபேன் ஓடலை. ஒண்ணுமில்லீங்க, எங்க மாமியாருக்குக் கால் முறிஞ்சுபோச்சு. எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொன்னால் கேட்கிறவர் பதறிவிடுவார் என்பது அவர் எண்ணம். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான். அவர் கொஞ்சம் அதிகம்.

கோயமுத்தூரில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் அவர் பிரசவ வார்டு நர்ஸ். நான் கருவிகளைப் பழுது பார்க்கிறவன். எனக்குப் பேச்சு வராது, அவருக்கு நிற்காது. அதனால் எங்களுக்குள் நன்றாக ஒத்துப்போயிற்று. ஒரு நாள் மதியம் சாப்பாட்டுத் தூக்கோடு என் அறை வாசலில் வந்து நின்றார்.

“ஒண்ணுமில்லீங்க தம்பி, ஐசியுவுக்கு மாத்திக் கேட்டிருந்தனுங்க. குடுத்துப்போட்டாங்க.”

என் கையிலிருந்த திருப்புளி நழுவி மேஜைக்கடியில் ஓடியது. இத்தனை வருஷமும் அவர் பார்த்தது பிள்ளை பெற்றவர்களையும் பிறந்த பிள்ளைகளையும்தான். வென்டிலேட்டரைத் தொட்டதில்லை. எதற்கு இந்த வேலை என்று கேட்டேன்.

போன வருஷம் அவர் வார்டில் ஒரு பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் நிற்கவில்லை. இவர்தான் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஐசியுவுக்கு ஓடியிருக்கிறார். உள்ளே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்கள். நாலு நாள் கழித்து அந்தப் பெண் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

“கதவு வரைக்கும்தான் தம்பி எனக்கு வேலை. அதுக்கு அந்தப் பக்கம் என்ன பண்ணுனாங்கன்னு எனக்குத் தெரியாது. எத்தனை நாளைக்குத்தான் கதவு வரைக்கும் ஓடறதுங்க?”

ஒரு மாதம் பார்ப்பார்கள். சரிப்பட்டால் ஐசியு, இல்லையென்றால் திரும்பவும் கீழ்த்தளத்துப் பழைய வார்டு. முடிவு ஐசியு பொறுப்பு சிஸ்டர் சாஜிதா பேகத்தின் கையில். கோட்டைமேட்டுக்காரர், வயதில் இவரைவிடச் சின்னவர், குரலில் பெரியவர்.

என்னிடம் ஒரு சின்னப் பெட்டி உண்டு. மானிட்டரில் மாட்டினால் ஆள் இல்லாமலே இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் காட்டும். கருவி சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு. பழைய மானிட்டர் ஒன்றில் அதை மாட்டி அவருக்குப் பழகக் கொடுத்தேன். நான் குமிழைத் திருப்பினால் துடிப்பு தாறுமாறாகும், மானிட்டர் கத்தும், அவர் காரணம் சொல்ல வேண்டும். முதல் நாளே பெட்டிக்கு வேங்கடசாமி என்று பேர் வைத்துவிட்டார்.

“எங்க மாமனார் பேருங்க. அவரும் இப்படித்தான். நல்லா உக்காந்திருப்பாரு, திடீர்னு சத்தம் போடுவாரு, காரணம் நாமதான் கண்டுபிடிக்கோணும்.”

பெட்டியிடமும் மரியாதை குறையவில்லை. “ஏனுங்க, இப்பத்தானே நல்லா இருந்தீங்க?” என்று கேட்டுக்கொண்டே ஒயரைச் சரிபார்ப்பார். படிப்பில் குறையே இல்லை. கோடுகளைப் பிடித்துக்கொண்டார், மருந்துகளைப் பிடித்துக்கொண்டார். இடறியது வேறு இடத்தில்.

ஐசியுவில் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு நோயாளிக்குப் பிரஷர் இறங்கியது. சிஸ்டர் உடனே கவனித்துவிட்டார். டியூட்டி டாக்டர் மோகன்குமாரிடம் போய், “ஒண்ணுமில்லீங்க டாக்டர்…” என்று ஆரம்பித்தார். டாக்டர் இன்னொரு நோயாளிக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தார். ஒன்றுமில்லை என்றது காதில் விழுந்தது, சரி என்று தலையை ஆட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். நம்மவரும் அவர் முடிக்கட்டும் என்று பணிவாக நின்றார். நல்லவேளை, மானிட்டரைப் பார்த்துவிட்டு சாஜிதா ஓடினார்.

“ஒண்ணுமில்லைன்னா எதுக்குங்கக்கா கூப்பிட்டீங்க? எந்த பெட்டு, என்ன ஆச்சு, என்ன வேணும், அவ்வளவுதான். இன்னொருக்கா இப்படின்னா நீங்க கீழயே போயிரலாம்.”

அன்று என் அறைக்கு வந்தவர் தூக்கைத் திறக்கவே இல்லை.

அதன் பிறகு படிப்பு மாறியது. வேங்கடசாமி கத்துவார், நான் டாக்டராக முதுகைக் காட்டி நிற்பேன்.

“டாக்டர், மூணாம் பெட்டு. பிரஷர் எம்பதுக்கு அம்பது. உடனே வாங்க.” ஒரு நொடி இடைவெளி. “உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா.”

“சிஸ்டர்!”

“வாயில வந்துருது தம்பி. நான் என்ன பண்றது?”

வீட்டிலும் ஒத்திகை நடந்தது. அவர் கணவர் திருமலைசாமி மோட்டார் பம்பு கம்பெனியில் வேலை செய்பவர். வீட்டில் பேசுவது தெலுங்கு, ஒத்திகை மட்டும் தமிழில். “குக்கர் மூணு விசில். அடுப்பை அணைங்க. இப்பவே.” சொன்னதை அவர் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும், ஐசியுவில் அதுதான் வழக்கம். “மூணு விசில், அணைக்கறேன்” என்பாராம் திருமலைசாமி. மூன்றாம் நாள், “ஏன் அம்மணி, கோவமா ஏதாச்சும்? நான் என்ன பண்ணிப்போட்டேன்?” என்று கேட்டுவிட்டாராம்.

மாதக் கடைசி. ஐசியுவில் நான் ஸ்டூல் மேல் ஏறி நாலாம் கட்டிலின் மானிட்டருக்கு ஒயர் மாற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் பாவாத்தாள், கொடுமுடிப் பக்கத்துக்காரர், வயிற்றில் அறுவை முடிந்து வந்தவர். மானிட்டர் கத்தியது. வெங்கடலட்சுமி சிஸ்டர் முதலில் திரையைப் பார்க்கவில்லை, பாவாத்தாளின் கையைத் தொட்டார். சில்லென்றிருந்திருக்க வேண்டும். பிரஷரை மறுபடி எடுத்தார். அறுவைக் காயத்தின் கசிவைக் குழாய் வழியே பிடிக்கும் டிரெயின் பை கட்டிலடியில் தொங்கியது, அதைக் குனிந்து பார்த்தார். அது சிவப்பாக நிறைந்துகொண்டிருந்தது.

மோகன்குமார் அந்தக் கோடியில் பெரிய டாக்டரோடு போனில் இருந்தார். அந்தப் பேச்சில் யாரும் குறுக்கிடுவதில்லை. சாஜிதா தள்ளி நின்று சிஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்…” என்று வந்துவிட்டது. சிஸ்டர் வாயை மூடினார், எச்சிலை விழுங்கினார்.

“டாக்டர்! அஞ்சாம் பெட்டு பாவாத்தாள். பிரஷர் எழுவதுக்கு நாப்பது. டிரெயின்ல ரத்தம். இப்பவே வாங்க!”

ஐசியு முழுக்கத் திரும்பியது. மோகன்குமார் போனைக் கவிழ்த்துவிட்டு ஓடி வந்தார். “ரெண்டு யூனிட் ரத்தம் சொல்லுங்க. தியேட்டருக்குச் சொல்லுங்க.” “ரெண்டு யூனிட், தியேட்டர், சொல்றேன்.” கொஞ்ச நேரத்தில் கட்டில் தியேட்டருக்கு உருண்டது. இந்த முறை கதவோடு நிற்காமல் சிஸ்டரும் கூடவே உள்ளே போனார்.

சாயங்காலத்துக்குள் பாவாத்தாள் திரும்பி வந்துவிட்டார், பிரஷரும் ஏறிவிட்டது. அதற்கப்புறம் சிஸ்டர் செய்த முதல் காரியம், மோகன்குமாரிடம் போய் நின்றதுதான்.

“போன்ல இருக்கறப்ப கத்திப்போட்டனுங்க டாக்டர். மனசுல வெச்சுக்காதீங்க.”

சாஜிதாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அக்கா, இதுக்கு மன்னிப்புக் கேட்டீங்கன்னா நெசமாவே கீழ அனுப்பிப்போடுவேன்.”

இரண்டு நாள் கழித்து என் அறை வாசலில் தூக்கோடு வந்து நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“ஒண்ணுமில்லீங்க தம்பி,” என்றார். “என்னைய அங்கயே வெச்சுக்கிட்டாங்க.”

பிறகு மேஜையில் கிடந்த பெட்டியை ஒரு தட்டுத் தட்டி, “வாரனுங்க மாமா” என்று சொல்லிவிட்டு மேலே போனார்.