ஏகாம்பரம் பிடித்த கயிறு

சாலவாக்கத்துக்குப் பக்கத்து ஊரில் பச்சமுத்துவுக்கு ஆண்பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவர் ஏகாம்பரம் கடற்படைக்குப் போனார். இளையவர் தினகரன் தரைப்படைக்குப் போனார். கடலையே பார்க்காத குடும்பம் அது. தாய்வழியிலும் தகப்பன்வழியிலும் எல்லோரும் ஏர் பிடித்தவர்கள். "உப்புத் தண்ணியிலே இன்னாடா பயிர் வைக்கப் போறே?" என்று அவர்கள் தாய் செல்லாயி கேட்டதை அந்தத் தெருவில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

எழுபத்தொன்றாம் வருஷக் கடைசியில் பாகிஸ்தானோடு சண்டை வந்தது. தினகரன் கிழக்கே வங்காளத்துச் சேற்றில் துப்பாக்கியோடு நடந்து, இடது முழங்காலில் குண்டு வாங்கிக்கொண்டு வந்தார். ஏகாம்பரம் மேற்கே அரபிக்கடலில் இருந்தார். கராச்சித் துறைமுகத்தை அடிக்கப் போனவை சின்னச் சின்ன ஏவுகணைப் படகுகள். அவ்வளவு தூரம் போய்த் திரும்ப அவற்றுக்கு எண்ணெய் காணாது. அதனால் பெரிய கப்பல்கள் அவற்றைக் கயிறு கட்டிக் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போயின. அப்படி இழுத்த ஒரு கப்பலின் பின்தளத்தில் கயிற்றின்மேல் கண் வைத்து நின்றவர் ஏகாம்பரம். பிறகு கயிற்றை அவிழ்த்தார்கள், படகுகள் போய் அடித்தன. எதிரியின் போர்க்கப்பல்கள் மூழ்கின, கரையில் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. இவர் அதைக் கண்ணால் பார்க்கவில்லை.

ஊரில் குண்டுக் காயத்துக்குத்தான் மரியாதை. அம்மன் திருவிழாவில் பரிவட்டம் ஒவ்வொரு வருஷமும் தினகரன் தலைக்கே போனது. அவரும் சும்மா இருக்கமாட்டார்.

"எங்கண்ணனா? கயித்தைப் புடிச்சிக்கினு நின்னாரு. நம்ம ஊர்லே மாட்டுக்கயிறு புடிக்காதவன் யாரு?" என்பார் டீக்கடையில்.

ஏகாம்பரமா விடுவார்? "கராச்சி வாசலை நாங்க அடைக்கலேன்னா, உன்னை எதிர்த்து நின்னவனுக்குக் கப்பல் கப்பலா ஆளும் குண்டும் வந்து எறங்கியிருக்கும். பதிமூணே நாள்லே சண்டை முடிஞ்சுதே, அது உன் ஒருத்தன் துப்பாக்கியாலேன்னு நெனச்சிக்கினு கீறியா?"

"அந்தச் சண்டை முடிஞ்சிது, இந்த ரெண்டு கெழத்துச் சண்டை முடியலியே" என்பாள் ஏகாம்பரத்தின் பெண்சாதி உண்ணாமலை. ஏகாம்பரத்துக்குப் பரிவட்டம் வேண்டாம். கயிறு பிடித்ததும் சண்டைதான் என்று தம்பி தன் வாயால் ஒரு தடவை சொல்லவேண்டும். ஐம்பது வருஷத்துக்கு மேலாக அவர் வேண்டியது அது ஒன்றுதான்.

இந்த மாசியில் கோயில் குளம் படி தெரியாமல் நிறைந்து கிடந்தது. ரொம்ப வருஷம் விட்டுப்போன தெப்பத்தை நடத்த ஊர் கூடி முடிவு செய்தது. இரும்பு டிரம்களைச் சேர்த்துக் கட்டி, பலகை போட்டு, நாலு மூலையிலும் வாழைமரம் நிறுத்தினார்கள். நடுவில் அம்மன், பக்கத்தில் பூசாரி, முன்னால் பரிவட்டத்தோடு தினகரன். ஏகாம்பரம் யாரும் கூப்பிடாமலே கரையில் போய்க் கயிற்றின் தலைப்பில் நின்றார்.

ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் தேர் இழுத்துப் பழகிய கை. மேளம் தட்டியதும் "ஓம் சக்தி" என்று ஒரே குரலாகக் கத்தி, ஒரே வெட்டாக வெட்டி இழுத்தார்கள். தெப்பத்தின் முன்பக்கம் தண்ணீருக்குள் அமுங்கி, தினகரன் தலைவரை தண்ணீர் அடித்தது. குத்துவிளக்கு சாய்ந்து அணைந்தது. பூசாரி அம்மனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மடங்காத முழங்காலை இழுத்துக்கொண்டு தினகரன் வாழைமரத்தைத் தாவிப் பிடித்தார். ஆட்கள் இன்னொரு வெட்டுக்கு மூச்சுப் பிடித்தார்கள்.

"வுடுங்கடா கயித்தை! இது தேர் இல்லடா!" ஏகாம்பரம் போட்ட சத்தத்தில் மேளமே நின்றுபோனது.

தினகரனின் மகன் மோகன் பதறினான். "பெரியப்பா, அப்பா தெப்பத்து மேலே கீறாரு! வுட்டா நடுக்கொளத்துலே நின்னுடும்!"

"நிக்காது. தேருக்குச் சக்கரம் கீது, வெட்டி இழுத்தாத்தான் நவுரும். மெதக்கற சாமானை வெடுக்குனு இழுத்தா மூக்கைக் குத்திக்கினு முழுவும். கயிறு தொய்ஞ்சு தண்ணியைத் தொட்டுக்கினே வரணும். என் கூட நடங்க, எவனும் இழுக்கக் கூடாது." பிறகு குளத்தைப் பார்த்துக் கத்தினார்: "தினகரா, மின்னாலே குந்தாதே! நடுவுக்கு வாடா!"

"வந்துட்டேண்ணா! நீ புடி, நீ புடி!"

ஏகாம்பரம் தோளில் கயிற்றைப் போட்டுக்கொண்டு, ஏர் பின்னால் போகிற நடையில் கரையோரம் நடந்தார். அத்தனை பேரும் அவர் காலைப் பார்த்து நடந்தார்கள். தெப்பம் நிமிர்ந்தது. பூசாரி விளக்கை மறுபடி ஏற்றினார். அம்மன் மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் மூன்று சுற்றும் வந்து கரை சேர்ந்தாள்.

இறங்கிய தினகரன் பரிவட்டத்தை அவிழ்த்து அண்ணனிடம் நீட்டினார்.

"நீயே வெச்சிக்க. சொட்டச் சொட்ட நனைஞ்சு கீது, எனக்குச் சளி புடிக்கும்" என்று வீட்டுக்கு நடந்தார் ஏகாம்பரம்.

மறுநாள் காலை அவர் டீக்கடைக்குப் போனபோது, உத்திரமேரூரிலிருந்து வந்திருந்த யாரோ ஒருவரிடம் தம்பி பேசிக்கொண்டிருந்தார். "எதிராளிக்கு ஒத்தாசை வர்ற வாசலை எங்கண்ணன் ஆளுங்க போய்ச் சாத்துனாங்க. அப்புறந்தான் சாத்தின வூட்டுக்குள்ளே பூந்து நாங்க புடிச்சோம். அவங்க கயிறு புடிச்சதும் சண்டைதான்யா."

ஏகாம்பரம் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

"தினகரா, இன்னொரு தபா சொல்லு. இந்தப் பக்கத்துக் காது எனக்குச் சரியா கேக்காது."

"அதெல்லாம் ஒரு தபாதான். டீயைக் குடி."